கேட்ட கேள்விக்கு மட்டும்

என் அண்ணி அரசு வக்கீல். வீட்டிலும் அரசு வக்கீல்தான். காய்கறிக் கடையில் தக்காளி எப்போது வந்தது என்று கேட்பார். இன்று காலைதான் என்பார் கடைக்காரர். அப்படியானால் கூடையின் அடி ஏன் இப்படி ஊறிப்போயிருக்கிறது என்று அடுத்த கேள்வி வரும். கடைக்காரர் திருதிருவென்று விழிப்பார். நான் நாலு கடை தள்ளிப் போய் யாரோ மாதிரி நின்றுகொள்வேன். அண்ணன் ஒரு நாள் நேரம் கழித்து வீட்டுக்கு வந்து பஸ், மழை, மேலதிகாரி என்று இழுக்க ஆரம்பித்ததும், "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார் அண்ணி. அதோடு அண்ணன் காரணம் சொல்வதையே விட்டுவிட்டான். என் அண்ணன் நல்லவன்தான், ஆனால் சாட்சிக் கூண்டுக்கு லாயக்கில்லாதவன்.

நான் நாத்தனார். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் அதே வீட்டில் மாடி அறையில் இருக்கிறேன். பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு டீச்சர். எனக்கும் அண்ணிக்கும் எப்போது முட்டிக்கொள்ளும் என்று சொந்தக்காரர்கள் ஆசையோடு காத்திருந்து காத்திருந்து அலுத்துப் போனார்கள். முட்டிக்கொண்டது. ஆனால் அவர்கள் எதிர்பார்த்த மாதிரி சமையலறையில் அல்ல.

அண்ணியின் தொழிலில் அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பதில் தெரியாத கேள்வியைக் கோர்ட்டில் கேட்க மாட்டார். சாட்சியை முன்கூட்டியே ஆபீசில் உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்வார். பிறகு நீதிபதி முன்னால் அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் அவர் கைக்குள் இருக்கும். எங்கே காலை வாரிவிடும் என்று தெரியாத கேள்வியைத் தொடவே மாட்டார். கோர்ட்டில் எல்லோரும் அவரை மெச்சியது இதற்காகத்தான். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று உலகமே என் வாயைப் பிடுங்கியபோது அண்ணி மட்டும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதை நாகரிகம் என்று நினைத்து அவர்மேல் உயிரையே வைத்திருந்தேன்.

அப்படிப்பட்டவரிடம் அந்தக் கால்பந்து வழக்கு வந்தது. ஒரு முக்கியமான லீக் ஆட்டத்தில் நல்ல அணி ஒன்று, குழந்தைகூடத் தடுத்துவிடக்கூடிய கோல்களை வாங்கித் தோற்றது. பணம் வாங்கிக்கொண்டு தோற்றார்கள் என்பது ஊர் வாயில் இருந்தது. போலீஸ் மூன்று பேரைப் பிடித்தது. ஒருவர் அணியின் செயலாளர், பெரிய மனிதர், மேடை கிடைத்தால் விளையாட்டு உணர்வு பற்றிக் காது புளிக்கப் பேசுபவர். இன்னொருவர் பந்தயத் தரகர். எப்போதும் கசங்காத சட்டையும் வாசனையுமாக வருவதால் எல்லோருக்கும் அவர் 'மாப்பிள்ளை'. மூன்றாவது கோல்கீப்பர். கையில் விழுந்த பந்து நழுவியதே இல்லை என்பதால் 'உடும்பு' என்று பெயர்.

அண்ணிக்கு விளையாட்டைப் பற்றிப் பந்து உருண்டை என்பது வரைக்கும்தான் தெரியும். அதனால் சாப்பாட்டு மேஜையில் நான் பாடம் எடுத்தேன். தக்காளிதான் பந்து. கரண்டிகள் எல்லாம் ஆட்டக்காரர்கள். உப்பு ஜாடி கோல்கீப்பர். உப்பு ஜாடி மட்டும் ஏன் கையால் தொடலாம் என்று ஆரம்பித்து என் உயிரை எடுத்தார். ஆனால் கற்பூர புத்தி. சீக்கிரமே, எந்தக் கரண்டி எங்கே நின்றிருந்தால் அந்தக் கோல் விழுந்திருக்காது என்று எனக்கே சொல்ல ஆரம்பித்தார். அண்ணன் தயிருக்குக் கரண்டி தேடி எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

இரண்டு விஷயங்களை அந்த மேஜையில் நான் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒன்று, இரண்டாவது கீப்பர் பற்றி. ஒவ்வொரு அணியிலும் கீப்பர் இரண்டு பேர், ஆனால் களத்தில் ஒருவருக்குத்தான் இடம். மற்றவன் பெஞ்சில். முன்னால் இருப்பவனுக்குக் கை உடைந்தால்தான் இவனுக்கு வாழ்வு. வருஷக்கணக்காக உட்கார்ந்தே ஓய்வு பெற்றவர்களும் உண்டு. நான் மிளகு ஜாடியை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்துக் காட்டினேன். அண்ணி சிரித்தார்.

இன்னொன்று, பணம் வாங்கியதை ஒரு ஆட்டக்காரன் தானாகவே ஒத்துக்கொண்டால் அவனுக்கு என்ன ஆகும் என்று அண்ணி கேட்டார். நான் உப்பு ஜாடியை எடுத்து அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். கோர்ட் ஆயிரம் மன்னிப்புக் கொடுக்கட்டும், கால்பந்துச் சங்கம் விடாது, வாழ்நாள் முழுக்கத் தடைதான் என்றேன். அண்ணி தலையாட்டிக்கொண்டார். பிறகு உப்பு இல்லாமல் சாப்பிட முடியாது என்று அண்ணன் எழுந்து போய்க் கதவைத் திறந்தான்.

வழக்கில் ஆதாரம் நிறைய இருந்தது, ஆனால் எல்லாம் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற ஆதாரம். போனில் பேசிக்கொண்டார்கள், ஆனால் 'சாமான் வந்ததா' என்றுதான் பேசிக்கொண்டார்கள். ஓட்டலில் சந்தித்தார்கள், ஆனால் டீ குடிக்கச் சந்தித்ததாகச் சொல்லிவிடலாம். இவர் சொன்னார், அவர் கொடுத்தார், நான் விட்டேன் என்று நேருக்கு நேர் சொல்ல ஒரே ஆள்தான் உண்டு. உடும்பு வாயைத் திறக்காவிட்டால் பெரிய மனிதரும் மாப்பிள்ளையும் சட்டையில் ஒரு சுருக்கம் விழாமல் வெளியே நடந்துவிடுவார்கள். அவனை அப்ரூவராக்குவது என்று அண்ணி முடிவு செய்தார். அதாவது அவன் உள்ளது உள்ளபடி சொன்னால் நீதிபதி அவனை மட்டும் மன்னித்துவிடுவார்.

உடும்பு அண்ணியின் ஆபீசுக்கு வந்த நாளில் நான் அங்கே இல்லை. பின்னால் அண்ணி வாயிலிருந்தும் உடும்பின் அக்கா வாயிலிருந்தும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு பேர் சொன்னதிலும் ஒரு சொல்கூட மாறவில்லை, அதுதான் கொடுமை. கோர்ட்டுக் கட்டடத்தின் மாடியில் நெருக்கடியான அறை அது. இரும்பு பீரோ கதவு சரியாக மூடாது, அதற்கு ஒரு அட்டையை மடித்துச் செருகியிருப்பார்கள். கை உடைந்த நாற்காலியில் அக்கா உட்கார, உடும்பு நின்றுகொண்டே பேசினான். அக்கா ஆஸ்பத்திரி ஒன்றில் துணி துவைக்கும் பிரிவில் வேலை பார்க்கிறவர். அப்பா அம்மா இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்தவர் அவர்தான்.

அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் நிற்க வேண்டுமா, பெஞ்சில் உட்கார வேண்டுமா என்று செயலாளர் கேட்டாராம். ஏற்கெனவே பல வருஷம் பெஞ்சைத் தேய்த்து வந்தவன் அவன். பயந்துவிட்டான். மாப்பிள்ளை காரில் வந்து கொடுத்ததை வாங்கிக்கொண்டான். முதல் கோலுக்குத் தப்பான பக்கம் விழுந்தான். இரண்டாவதற்குக் கையைத் தாமதமாக நீட்டினான். மூன்றாவதைப் பற்றிக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. "அது நெஜமாவே போயிடுச்சு மேடம். பிடிக்கத்தான் பார்த்தேன்" என்றான். அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

எல்லாம் சொல்லி முடித்த பிறகு அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"இதையெல்லாம் கோர்ட்ல சொன்னா நான் மறுபடியும் விளையாட முடியுமா மேடம்?"

அண்ணி எதிரில் இருந்த வழக்குக் கட்டைப் புரட்டினார். "நீ உண்மையை முழுசா சொன்னா உனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

அக்கா எழுந்து அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உடும்பு முதல் தடவையாகச் சிரித்தான். அண்ணி அடுத்த வேலையைப் பார்த்தார்.

வழக்கு நடந்தபோது நான் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அண்ணியைக் கோர்ட்டில் பார்ப்பதே ஒரு தனி சுகம். கூண்டில் நின்ற உடும்பு அண்ணி கேட்கக் கேட்க அச்சுப் பிசகாமல் சொன்னான். செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். தேன் ஒழுகப் பேசுகிற மனிதர், அந்தத் தேனைப் பார்த்தாலே எனக்கு எரியும். உடும்பைத் தம்பி என்று கூப்பிட்டார். உன் திறமை என்ன, வயசு என்ன, நீ இன்னும் எவ்வளவு காலம் ஆடலாம் என்று தடவிக் கொடுத்துக்கொண்டே வந்து சட்டென்று திரும்பினார்.

"மறுபடி விளையாட விடறோம்னு அரசுத் தரப்புல யாராவது உங்களுக்கு வாக்கு குடுத்தாங்களா?"

உடும்பு அண்ணியைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அண்ணி தலை குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார், பேனா மட்டும் நகரவில்லை.

"யாரும் வாக்கு குடுக்கலை சார்" என்றான் உடும்பு.

பேனா நகர ஆரம்பித்தது. பையன் கெட்டிக்காரன் என்று நான் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். எனக்கு அப்போது ஒரு எழவும் புரியவில்லை.

செயலாளருக்கும் மாப்பிள்ளைக்கும் சிறைத்தண்டனை கிடைத்தது. உடும்புக்கு மன்னிப்பு. பேப்பரில் அண்ணியின் படம் வந்தது. ஆபீசில் கேக் வெட்டினார்கள். அண்ணன் அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் காட்டினான். தண்டனை பெற்ற இரண்டு பேரும் மேல்முறையீடு செய்து ஜாமீனில் வந்துவிட்டார்கள். அது வழக்கமாக நடப்பதுதான், மேல் கோர்ட்டிலும் தண்டனை நிற்கும் என்றார் அண்ணி.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் பள்ளி ஆசிரியர் அறையில் பேப்பரைப் புரட்டினேன். கால்பந்துச் சங்கம் உடும்புக்கு வாழ்நாள் தடை விதித்திருந்தது. ஆட்டக்காரனாக மட்டுமல்ல. பயிற்சியாளனாக, உதவியாளனாக, எந்தப் பொறுப்பிலும், சங்கத்தில் பதிவான எந்த மைதானத்திலும் அவன் கால் வைக்கக் கூடாது. ஆதாரம் என்ன தெரியுமா? கோர்ட்டில் அவன் சொன்ன அதே சாட்சியம்தான். அதை அப்படியே வாசித்துவிட்டு, வேறு விசாரணை தேவையில்லை என்று எழுந்து போயிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணியிடம் சொன்னேன். பாவம்தான், ஆனால் தெரிந்தேதானே வந்தான் என்றேன். அண்ணி மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே துடைத்த மேஜை.

"அவனுக்குத் தெரியும்ல அண்ணி?"

"தெரியாது."

"நீங்க சொல்லலையா?"

"அவன் கேட்டான்" என்றார். துணியைப் பிழிந்து மறுபடி துடைத்தார். "நான் வேற பதில் சொன்னேன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மேஜையில்தானே, இதே இடத்தில்தானே நான் உப்பு ஜாடியை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். தெரியாமல் செய்தால் மன்னிக்கலாம். தெரிந்துகொண்டு, அதுவும் என்னிடமே தெரிந்துகொண்டு, ஒருத்தன் கேட்ட கேள்வியை அப்படியே மென்று விழுங்கியிருக்கிறார். நல்லா இருக்கு உங்க நியாயம் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். அதிலிருந்து பேச்சு நின்றது. அண்ணன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரனாக அலைந்தான்.

அண்ணி தன்னைத் தானே தின்றுகொண்டிருந்தார் என்பதை மட்டும் பேசாமலே பார்த்தேன். காய்கறிக் கடையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தார், அடியில் பாதி அழுகல். அண்ணன் ஒரு நாள் வழிமாறிப் போய் வந்து நீளமாகக் கதை அளந்தான். அண்ணி முழுக்கக் கேட்டுவிட்டு, சரி, சாப்பிடுங்கள் என்றார். அண்ணன் பயந்து போய் மாடிக்கு வந்து, உன் அண்ணிக்கு உடம்பு சரியில்லை என்று நினைக்கிறேன் என்றான்.

உடும்பின் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் செருப்பை ஓரமாக ஜோடி சேர்த்து விட்டுவிட்டு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சங்கத்தின் மேல்முறையீட்டுக் குழுவிடம் தம்பி மனுக் கொடுத்திருக்கிறான் என்றார். அன்றைக்கு ஆபீசில் என்ன கேட்டான், என்ன சொன்னீர்கள் என்பதை மட்டும் மேடம் வந்து சொன்னால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றார். "அவன் இன்னும் காலையில எழுந்து ஓடுறான்மா. அதைத்தான் பார்க்க முடியலை" என்றார். அண்ணி யோசித்துச் சொல்கிறேன் என்றார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தது நான்தான். அக்கா முழு டம்ளரையும் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

யோசிக்க என்ன இருக்கிறது என்று நான் அண்ணனிடம் கேட்டேன், அண்ணி காதில் விழும்படியாக. அண்ணன் விளக்கினான். அண்ணி போய், சாட்சிக்கு இப்படி ஒரு ஆசை காட்டினேன் என்று வாயால் சொன்னால், செயலாளரின் வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார். அரசு வக்கீலே ஆசை காட்டி வாங்கிய சாட்சியம் என்று மேல் கோர்ட்டில் நிற்பார். வழக்கே கை நழுவிப் போகலாம். பணம் கொடுத்தவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். அண்ணியின் மேலதிகாரி கூப்பிட்டு, அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று சொல்லிவிட்டாராம். இத்தனை வருஷம் சேர்த்த பெயரும் போய்விடும். அண்ணன் இதைச் சொல்லும்போது அந்தப் பேப்பர் இன்னும் அவன் பையில் இருந்தது. எனக்கு அவர்கள் சொல்கிற நியாயமும் புரிந்தது, அதனால் கோபம் இன்னும் அதிகமானது.

அந்த வாரத்திலேயே உடும்பு என் பள்ளிக்கு வந்தான். கேட்டுக்கு வெளியே நின்றான். நான் அவன் வழக்கு வக்கீலின் நாத்தனார் என்று அவனுக்குத் தெரியாது. பெண்கள் அணிக்குக் கோல்கீப்பிங் சொல்லித் தரவா, சம்பளம் வேண்டாம், சாயங்காலம் சும்மா வந்து போகிறேன் என்றான். பேசும்போது கண் முழுக்க உள்ளே பந்து போகிற இடத்தில்தான் இருந்தது. எங்கள் கீப்பர் பெண் ஒரு சுலபமான பந்தை விட்டாள். அவனுடைய வலது தோள் தானாக ஒரு பக்கம் அசைந்தது.

எங்கள் மைதானமும் சங்கத்தில் பதிவான மைதானம். "முடியாதுப்பா. தடை இருக்கிறவரைக்கும் உன்னை உள்ள விட முடியாது. எப்பவுமே முடியாது" என்றேன். அவன் சரி டீச்சர் என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் முழங்கை விரிந்து போகிறது, அதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள் என்றான். போய்விட்டான்.

நான் வீட்டுக்கு வந்து, அவ்வளவு நாள் பேசாத பேச்சையெல்லாம் அண்ணி முன்னால் கொட்டினேன்.

"இன்னிக்கு உடும்பு வந்தான். முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். நாக்கு அறுந்து விழுந்துடலை. அன்னிக்கு உங்களுக்கு மட்டும் என்ன கேடு?"

அண்ணி அழுதார். அண்ணி அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்குத் திருப்தியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, குழு எப்போது கூடுகிறது என்று அந்த அக்காவிடம் கேட்டுச் சொல் என்றார்.

குழு ஸ்டேடியத்தின் ஒரு பக்கத்து அறையில் கூடியது. புதுப் பெயின்ட் வாசனை, கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். தலைவர் பழைய ஆட்டக்காரர், ஒரு காலைச் சற்று இழுத்து நடப்பவர். அண்ணிக்குப் போட்டிருந்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எத்தனையோ பேரைக் கேள்வி கேட்டவர் பதில் சொல்ல உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பின்வரிசையில் எதிர்த்தரப்பு வக்கீலின் ஜூனியர், கையில் பேனாவோடு தயாராக இருந்தான். அண்ணி அவனைப் பார்த்தார்.

தலைவர் நேராக விஷயத்துக்கு வந்தார். விளையாட அனுமதி கிடைக்கும் என்று இவருக்கு நீங்கள் வாக்குக் கொடுத்தீர்களா என்றார்.

இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம். அது பொய்யும் ஆகாது. கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். பெரிய மனிதர் உள்ளே போவார், அண்ணியின் பெயர் நிற்கும், மேலதிகாரி கூப்பிட்டுத் தட்டிக் கொடுப்பார்.

"இல்லை" என்றார் அண்ணி. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "ஆனா நீங்க கேட்காததையும் நான் சொல்லணும். மறுபடி விளையாட முடியுமான்னு அவன் என்னைக் கேட்டான். முடியாதுன்னு எனக்குத் தெரியும். சொன்னா சாட்சி சொல்லாமப் போயிடுவானோன்னு பயந்தேன். அதனால ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன். அவன் எதை நினைச்சுச் சந்தோஷப்பட்டான்னு தெரிஞ்சும் திருத்தலை."

ஜூனியரின் பேனா பறந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர்கள் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். அரசு வக்கீலின் நேர்மையைப் பாராட்டுகிறோம், ஆனால் ஆட்டத்தை விற்றவர் எந்தச் சூழ்நிலையில் ஒத்துக்கொண்டார் என்பதைப் பார்க்க விதியில் இடமில்லை, தடை தொடரும் என்று தலைவர் வாசித்தார். வாசித்து முடித்ததும் உடும்பைப் பார்க்காமல் கோப்பை அலமாரியைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். செயலாளர் தரப்பு அண்ணியின் வாக்குமூலத்தை மேல் கோர்ட்டில் கொண்டுபோய் வைத்தது. அது இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அண்ணியை வழக்கு நடத்தும் வேலையிலிருந்து எடுத்து, ஒரு மூலையில் பழைய வழக்குக் கட்டுகளைச் சரிபார்க்க உட்காரவைத்துவிட்டார்கள். அண்ணன் பேப்பரைப் பையிலிருந்து எடுத்துவிட்டான். அதையெல்லாம் அண்ணி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரை அடித்தது வேறு. அன்றைக்கு அந்த அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் நடந்தது.

நாங்கள் நாலு பேரும் நின்றோம். ஜன்னல் வழியாக மைதானம் தெரிந்தது, யாரோ புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். உடும்பு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றான். அக்கா அண்ணியிடம், வந்து சொன்னீர்களே, அது போதும் என்றார். அது அண்ணிக்குப் போதவில்லை. அவர் உடும்பைப் பார்த்தார். பிறகு நான் அவரிடம் அதுவரை கேட்டறியாத ஒரு குரலில் கேட்டார்.

"விளையாட முடியாதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, நீ சாட்சி சொல்லியிருப்பியா?"

அவருக்குப் பதில் தெரியாத கேள்வி அது. அன்றைக்கே ஆபீசில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பதில் தெரியாது என்பதால்தான் கேட்காமல் விட்டார்.

"சொல்லியிருப்பேன் மேடம்" என்றான் உடும்பு. யோசிக்கவே இல்லை. "இனிமே ஆட்டம் இல்லைன்னு முடிவு பண்ணிட்டுத்தான் உங்க ஆபீசுக்கே வந்தேன். வர்ற வழியிலேயே என் கையுறையை ரெண்டாவது கீப்பர்கிட்ட குடுத்துட்டேன். உங்ககிட்ட சும்மாதான் கேட்டேன். ஒரு நப்பாசை."

அண்ணி அவன் கைகளைப் பார்த்தார்.

"நீங்க ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்களா, நேரா போய் அவன்கிட்ட கேட்டுத் திரும்ப வாங்கிட்டு வந்துட்டேன்" என்றான். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். "கேட்கறதுக்கு வெக்கமாத்தான் இருந்துச்சு."

அக்கா வா போகலாம் என்று அவன் முழங்கையைத் தொட்டார். அவன் எங்களுக்குத் தலையசைத்துவிட்டு, வாசலில் மைதானத்துக்குத் திரும்பும் பக்கத்தை விட்டுத் தெருவுக்குப் போகும் பக்கம் திரும்பினான்.

பஸ்ஸில் அண்ணி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை என் மடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. நிறுத்தங்கள் வந்தன, போயின. எங்கள் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"கையுறையைத் திரும்பக் கேட்டப்போ அந்த இன்னொரு பையன் என்ன சொல்லியிருப்பான்?"

தெரியலை அண்ணி என்றேன்.